பதின்வயதுப் பிள்ளைகளின் செலவும் விளம்பரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வரவு செலவு பற்றி எழுதுவதால் உறவுக்காரர் வீட்டு விசேஷத்திலும் பள்ளி வாசலிலும் என்னிடம் இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்குப் பன்னிரண்டாவது படிக்கும் மகளும் ஒன்பதாவது படிக்கும் மகனும் இருக்கிறார்கள். அதனால் பாதி பதில்கள் சூடு பட்டுக் கற்றவை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து வந்தது.

நாங்கள் சின்ன வயதில் இப்படியெல்லாம் கேட்டதே இல்லையே. இப்போது மட்டும் ஏன்?

கேட்டோம். மறந்துவிட்டோம், அவ்வளவுதான். 1999 உலகக் கோப்பை சமயத்தில் பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் 'ரன்' போட்டிருப்பார்கள். நூறு ரன் சேர்த்துக் கொடுத்தால் சுரண்டிப் பார்க்க ஒரு சின்னப் புத்தகம். அதிர்ஷ்டம் இருந்தால் இங்கிலாந்துக்கே போய் ஆட்டம் பார்க்கலாம். பிஸ்கட் என்றாலே முகம் சுளிக்கும் நான் அந்தக் கோடை முழுக்க பிஸ்கட் தின்றேன். டீக்கடை குப்பைக்கூடையில் உறை பொறுக்கி அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

சின்னக் காசுக்குச் சின்னப் பொருள் என்கிற உத்தியும் நம்மூருக்குப் புதிதில்லை. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்றுக் காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி, சிக் ஷாம்பூவைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். ஆட்கள் அதற்குள் பழகியிருந்தார்கள். ஒரு முழுப் பாட்டிலை யோசித்து வாங்குகிற ஆளும் பாக்கெட்டை யோசிக்காமல் வாங்குவார். இன்று உங்கள் பையன் போனில் 29 ரூபாய்க்கு வாங்குவதெல்லாம் இந்தப் பாக்கெட்டின் பேரப்பிள்ளைகள்.

மாறியது வேறு. எனக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் அப்பாவின் சட்டைப் பை இருந்தது. அதைத் தாண்டினாலும் மளிகைக்கடை அண்ணாச்சி இருந்தார். "நேத்துதானே ரெண்டு பாக்கெட் வாங்கிட்டுப் போனே, அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்பார். இப்போது விளம்பரம் பார்க்கிற இடம், பொருள் வாங்குகிற இடம், காசு கட்டுகிற இடம் மூன்றும் ஒரே திரையில் இருக்கின்றன. நடுவில் நின்று கேள்வி கேட்க ஒரு ஆள் இல்லை.

பெரிதாக எதுவும் வாங்குவதில்லை. ஆனாலும் கணக்கில் பணம் கரைகிறது. எங்கே போகிறது?

முதலில் போன் விளையாட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமனாரின் யூபிஐ ரகசிய எண் அவர் பிறந்த ஆண்டு. பேரனுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போதுமாக இருந்தது. வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்துப் பார்த்தால், 23 நாளில் 24 தடவை பணம் போயிருந்தது. பதினொரு 29, ஒன்பது 89, நான்கு 159. கூட்டினால் 1,756 ரூபாய். மகனிடம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். "ஒரு முந்நூறு இருக்கும்மா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அவ்வளவுதான் தோன்றியது.

ஏன் அப்படித் தோன்றுகிறது? விளையாட்டுக்குள் ரூபாய் கிடையாது. வைரம், நாணயம், டோக்கன் என்று ஏதாவது ஒன்று. ஒரு துப்பாக்கி உறையின் விலை 120 வைரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரமோ 100 அல்லது 300 என்று கட்டாகத்தான் விற்பார்கள். 300 வாங்கி 120 செலவழித்தால் 180 மிச்சம். அந்த மிச்சம் கையை அரிக்கும். அதற்கேற்ற விலையில் 200 வைரத்துக்கு ஒரு சட்டை கண்ணில் படும். இன்னும் 20தானே என்று மறுபடி ஒரு கட்டு. மிச்சம் தீராதபடி விலை வைப்பதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். இதற்கு மேல் பெட்டி என்று ஒன்று உண்டு. காசு கட்டித் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாது. பெல்ஜியம் 2018இல் இதைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021இல் பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ விளையாட்டு வந்தபோது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் செலவு வரம்பு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வரம்பு எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 7,000 ரூபாய். மாதத்துக்கு இல்லை, நாளைக்கு. நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீட்டில் அது வீட்டு வாடகை.

போன பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

சில நேரம் முடியும். கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் அவர்களிடமே திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். நான் கண்டுபிடித்தது 23ஆம் நாள். அந்த நிறுவனத்துக்கு நான்கு மின்னஞ்சல் போட்டு, கடைசி வாரத்துக் காசு மட்டும் வந்தது.

"மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாதே?" என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். உண்மைதான். கல்கத்தாவில் மைனர் ஒருவர் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம் பற்றிய மோகரி பீபி வழக்கில் 1903இலேயே லண்டன் பிரிவி கவுன்சில் அப்படித் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் இங்கே கணக்கு தாத்தா பெயரில், ரகசிய எண்ணும் தாத்தாவுடையது. வாங்கியது பேரன்தான் என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில். அதைவிட இன்றைக்கே செய்யக்கூடியது: பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். அப்புறம் தாத்தாவின் ரகசிய எண்ணை மாற்றுங்கள்.

என் மகள் விளம்பரமே பார்ப்பதில்லை. வந்தால் உடனே ஸ்கிப் பண்ணிவிடுகிறாள். பிறகு எப்படி அதன் தாக்கம் இருக்கும்?

ஸ்கிப் பண்ணுகிற ஐந்து வினாடியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதற்குப் பிறகு ரசித்துப் பார்க்கிற பத்து நிமிடத்தைப் பாருங்கள். "காலையில் எழுந்ததும் நான் என்ன செய்வேன்" என்று ஒரு அக்கா பேசிக்கொண்டே முகம் கழுவுகிறார். கையில் இருக்கும் டியூபின் பெயர் கேமராவுக்கு நேராகத் திரும்பியிருக்கிறது. கீழே தள்ளுபடிக் குறியீடு. அதுதான் விளம்பரம்.

விதிகள் இல்லாமல் இல்லை. விளம்பரத் துறை தனக்குத் தானே 1985இல் அமைத்துக்கொண்ட ஆஸ்கி என்ற மன்றம், இன்ஃப்ளூயன்சர்களுக்கு 2021இல் நெறிமுறை வகுத்தது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் 'விளம்பரம்' என்று பளிச்சென்று தெரிய வேண்டும். 15 வினாடி வரையிலான வீடியோவில் அந்தக் குறி குறைந்தது மூன்று வினாடி நிற்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

நடைமுறையில், இருபது ஹேஷ்டேக் கும்பலில் பதினேழாவதாக 'கொலாப்' (கம்பெனியோடு கூட்டு) என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும். நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இதை விளையாட்டாகத் தேடினோம். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி. அவள்தான் ஜெயித்தாள். அன்றிலிருந்து நான் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, "அம்மா, அது பெய்டு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

(பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டது) கிளாஸ்ல எல்லாரும் பிராண்டட் ஷூ போடறாங்க. எனக்கு மட்டும் இல்லை. கேட்டா வீட்டில் திட்டறாங்க. நான் கேட்கிறது தப்பா?

தப்பில்லை தம்பி. உனக்கு ஷூ மேல் அவ்வளவு ஆசை இருக்காது என்று நினைக்கிறேன். கிரவுண்டுக்குப் போகும்போது யாரும் உன் காலைக் குனிந்து பார்க்கக் கூடாது, அதுதானே வேண்டும்? அந்த வயதில் அது நியாயமான தேவை. அமெரிக்காவில் 2005இல் ஒரு ஆய்வு செய்தார்கள். கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்து, சிலரைத் தனியாகவும் சிலரை நண்பர்கள் பார்க்கவும் ஆட வைத்தார்கள். நண்பர்கள் பார்த்தபோது பதின்வயதுக்காரர்கள் ஏகத்துக்கும் ஆபத்தாக ஓட்டினார்கள். பெரியவர்களிடம் அப்படி வித்தியாசம் இல்லை. கூட இருப்பவர்களின் கண் உங்கள் வயதில் அவ்வளவு கனமானது. ஷூ விற்பவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

சரி, ஒரு வேலை செய். 'எல்லாரும்' என்றால் எத்தனை பேர் என்று நாளைக்கு எண்ணிப் பார். என் மகன் எண்ணினான். நாற்பத்திரண்டு பேரில் ஏழு. அந்த ஏழில் மூன்று ஃபர்ஸ்ட் காப்பி என்று அவனே சொன்னான். எண்ணிய பிறகும் ஷூ வேண்டும் என்றால், வீட்டில் "வருடத்துக்கு ஷூவுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள், மீதியை நான் சேர்க்கிறேன்" என்று பேசிப் பார். திட்டு குறையும்.

பெற்றோருக்கு ஒரு வரி: இந்தப் பொருளை வாங்காவிட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள், நீ மட்டம் ஆகிவிடுவாய் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு விதைக்கும் விளம்பரம் கூடாது என்று 2022இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. பையன் உங்களிடம் சொல்வதும் அதே பயத்தைத்தான். "நாங்க செருப்பே இல்லாம நடந்தோம்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

பதின்மூன்று வயதில் சீரம், டோனர் என்று கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?

சோப்பு, ஈரப்பதம் தரும் ஒரு கிரீம், வெயிலுக்கு சன்ஸ்க்ரீன். இதற்கு மேல் பருத்தொல்லை இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரெட்டினால் போன்றவை வயதான தோலின் சுருக்கத்துக்காக விற்கப்படுபவை. அந்த வயதில் போட்டால் எரிச்சலும் உரிதலும்தான் மிச்சம்.

நாம் வளர்ந்ததும் இதே சந்தையில்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. நாற்பத்தைந்து வருடம். வெள்ளையானால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பான் என்று டிவி சொன்னதை வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து சொன்னார்கள். இப்போது 'பளபளப்பு' என்கிறார்கள். உங்கள் மகள் சீரம் கேட்கும் முந்தைய வாரம் யாராவது "கறுத்துப் போயிட்டியே" என்று சொன்னார்களா, விசாரியுங்கள். எங்கள் வீட்டில் சொன்னது அத்தைதான்.

மாதம் எவ்வளவு கைச்செலவு கொடுக்கலாம்? ரொக்கமாகவா, ஜிபேயிலா?

எவ்வளவு என்பதை உங்கள் வருமானமும் ஊரும்தான் சொல்லும். அதைவிட, எதெல்லாம் அதில் அடக்கம் என்று பேசி முடிவு செய்வது முக்கியம். எங்கள் வீட்டில் மகனுக்குப் பள்ளிக் கேன்டீன், நண்பர்கள் பிறந்தநாள் ட்ரீட், விளையாட்டு டாப்-அப் மூன்றும் அதற்குள். ரீசார்ஜும் பஸ் காசும் எங்கள் பொறுப்பு. டாப்-அப்பைத் தடுக்காமல் கைச்செலவுக்குள் தள்ளியதுதான் நான் செய்த உருப்படியான காரியம். சொந்தக் காசு என்றதும் 159 ரூபாய்க்கு இரண்டு நாள் யோசிக்கிறான்.

ஒன்பது, பத்தாவது வரைக்கும் ரொக்கம் என்பது என் கட்சி. நூறு ரூபாய் நோட்டை உடைக்கும்போது கொஞ்சம் வலிக்கும். அந்த வலி வேண்டும். திரையில் பச்சை டிக் வரும்போது அது இருப்பதில்லை.

அதற்கு மேல் டிஜிட்டல் பழகட்டும். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இதற்கான புதிய விதி 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. எவ்வளவு வரை எடுக்கலாம் என்ற வரம்பை அந்தந்த வங்கி வைக்கும். யூபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதியும் இருக்கிறது. உங்கள் கணக்கிலிருந்து பிள்ளை செலவழிக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒப்புதல் தரும்படியும் வைக்கலாம், மாத வரம்பு போட்டு விட்டுவிடவும் செய்யலாம். அந்த வரம்பு அதிகபட்சம் 15,000 ரூபாய். இதற்காக அதிகபட்சத்தையே போட்டு வைக்காதீர்கள்.

"இன்னும் 2 மட்டுமே", "47 பேர் இப்போது பார்க்கிறார்கள்" என்று வருவதெல்லாம் உண்மையா?

பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த மாதிரிச் சித்து வேலைகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். மத்திய அரசு 2023 நவம்பரில் இப்படி 13 வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய் அவசரம், கேட்காமலே கூடையில் எதையாவது சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் முளைப்பது, சந்தாவை எளிதில் நிறுத்த முடியாமல் செய்வது எல்லாம் அதில் வரும். "வேண்டாம், நான் முழு விலையே கொடுக்கிறேன்" என்று நம்மைக் கூச வைக்கும் பொத்தானும் ஒரு வகை.

பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு பொருளைக் கூடையில் போட்டு, வாங்காமல் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். நாங்கள் ஒரு ஹெட்போனை விட்டோம். 'இன்னும் 2' என்றது மூன்றாம் நாளும் 'இன்னும் 2'தான். இடையில் ஏழு அறிவிப்பு வந்தது. அதில் ஒன்று "எங்களை மறந்துவிட்டீர்களா?"

ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட்டில் பணம் கட்டுகிறான் என்று சந்தேகம்.

இதை மேலே சொன்ன செலவுகளோடு சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022இலேயே இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் சேர்த்தே தடைசெய்கிறது. அதையும் மீறி நடப்பது திருட்டுத்தனமான தளங்களில்தான். கத்தாமல் உட்கார்ந்து, யாரிடமாவது கடன் வாங்கியிருக்கிறானா என்று முதலில் கேளுங்கள். பணம் மோசடியில் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பிள்ளைகளுக்கான விளம்பரத்தையே தடை செய்துவிடலாமே?

செய்த இடங்கள் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980லிருந்து 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான வணிக விளம்பரத்தை அனுமதிப்பதில்லை. ஸ்வீடன் தொலைக்காட்சியில் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குறிவைக்க முடியாது. பதினைந்து வயதுக்காரர்கள் அந்த வேலிக்கு வெளியேதான் இருக்கிறார்கள். நம் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் துணிச்சலானது. 18 வயது வரைக்கும் குழந்தை என்று வைத்து, அவர்களைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதையும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் நம் வீட்டு வேலி நாம்தான் போட வேண்டும். அதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. சமூக வலைதளக் கணக்கு தொடங்கும்போது வயதைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தது பல வீட்டில் பெற்றோரேதான்.

நாங்களே ஆன்லைனில் வாங்கிக் குவிக்கிறோம். பிள்ளைகளிடம் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

எனக்கும் இல்லை. 1,756 ரூபாய்க் கணக்கை மகன் முன்னால் விரித்து வைத்தபோது அவன் என் போனை வாங்கி, ஆர்டர் பட்டியலைத் திறந்தான். பரணில் பிரிக்கப்படாத பெட்டியில் இருக்கும் ஏர் ஃப்ரையர், இரண்டு முறை விரித்த யோகா பாய், நள்ளிரவு 12:10க்கு வாங்கிய மூன்று குர்தி. "இதெல்லாம் எவ்வளவும்மா?" என்றான். நானும் குறைத்துத்தான் சொன்னேன். இப்போது மாதக் கடைசியில் நால்வர் கணக்கையும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்க்கிறோம். என்னுடையதுதான் நீளம்.

புகார் கொடுக்க வேண்டுமானால் எங்கே?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். ஏமாற்று விளம்பரத்தை ஆஸ்கிக்கும் இணையம் வழியாகத் தெரிவிக்கலாம். கூப்பிடும் முன் ஸ்கிரீன்ஷாட், தேதி, பணம் போன குறுஞ்செய்தி மூன்றையும் எடுத்து வையுங்கள். சந்தாவுக்குத் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தி எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். எங்கள் விஷயத்தில் வங்கி அனுப்பிய 24 குறுஞ்செய்தியும் ஒழுங்காகத்தான் வந்திருந்தன, தாத்தாவின் போனுக்கு. அவர் எதையும் திறக்கவே இல்லை.